வேலை: தட்டு எறிவது!

அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்தேன். "அங்கே என்ன வேலை பார்த்தீங்க சார்?" என்று கேட்பவர்களிடம் உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் இங்கே எழுத்து மூலமாகவே கொடுத்துவிடுகிறேன். தட்டு எறிந்துகொண்டிருந்தேன்.

ரசத்தில் உப்பில்லை என்று கோபத்தில் எறிகிற தட்டு இல்லை. (அந்தப் பிரிவில் எங்கள் பெரியப்பா மாவட்ட அளவில் பேசப்பட்டவர்.) இது பிளாஸ்டிக் தட்டு. எடை 175 கிராம். பெயர் ஃபிரிஸ்பி. அதை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்குப் பெயர் 'அல்டிமேட்'. முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு அஜித் ஞாபகம்தான் வந்தது.

2016 ஆகஸ்ட். என் தர்மபத்தினிக்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது. பாடம், உணவு அறிவியல். அவள் உணவைப் பற்றி ஆராய்ச்சி செய்வாள், நான் உணவைச் செய்வேன் என்று ஏற்பாடு. மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷமாகப் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினேன். எனக்குக் கிடைத்த விசா எஃப்-2. அதாவது, படிக்க வந்தவரைச் சார்ந்து வாழ்பவர். சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் சட்டப்படி குற்றம். நம்ம ஊரில் வேலை செய்யாவிட்டால்தான் திட்டுவார்கள்!

ஊர் பெயர் ஆம்ஹர்ஸ்ட். எழுதும்போது 'ஹ' உண்டு, சொல்லும்போது கிடையாது. 'ஆமர்ஸ்ட்' என்று சொல்ல வேண்டும். நான் கஷ்டப்பட்டு 'ஹ'வை அழுத்திச் சொன்னபோதெல்லாம் பஸ் டிரைவர் பரிதாபமாகப் பார்த்தார். அது முழுக்க முழுக்கக் கல்லூரி ஊர். நம்ம சிதம்பரம், காரைக்குடி மாதிரி ஊரும் இருந்து கல்லூரியும் இருப்பது இல்லை. செமஸ்டர் நடந்தால் ஊர் நிரம்பி வழியும். லீவு விட்டால் தெருவில் அணில்கள்தான் நடமாடும். எமிலி டிக்கின்சன் என்ற பெரிய கவிஞர் வாழ்ந்த வீட்டை அங்கே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். பல வருஷங்கள் வீட்டை விட்டு வெளியே வராமலே கவிதை எழுதியவராம். ஒரு ஜனவரி மாதம் அங்கே இருந்து பார்த்தேன், ஏன் வெளியே வரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

காலையில் எட்டரை மணிக்கு மனைவி முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கதவு வரை போய் டாட்டா காட்டுவேன். அப்புறம்? பாத்திரம் கழுவி, துணி மடித்து, சாம்பார் வைத்து முடித்தாலும் மணி பத்தரைதான் ஆகியிருக்கும். இருபத்தேழு வயசு ஆம்பிளை, பி.காம். முதல் வகுப்பு, ஜன்னல் வழியாக அணிலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார், ஒரு மாதம் அப்படி உட்கார்ந்து பாருங்கள். ஆபீஸில் உங்களை வறுத்தெடுக்கிற மேனேஜர் முகம்கூடக் கனவில் வந்து சிரிக்கும்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விருதுநகரிலிருந்து அப்பா போன். அவர் எண்ணெய் மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

"என்னய்யா, வேலை எதுவும் அமைஞ்சுதா?"

"ம்... கணக்கு பாக்குறேன்ப்பா."

இதில் பொய் இல்லை. மளிகைக் கணக்கு நான்தான் பார்த்தேன்.

"எங்க?"

"யூனிவர்சிட்டில..."

நாங்கள் குடியிருந்தது பல்கலைக்கழகக் குடியிருப்புதானே! இப்படி இரண்டு பாதி உண்மைகளை ஒட்டவைத்து ஒரு முழுப் பொய் தயாரித்துவிட்டேன். அடுத்த ஞாயிறுக்குள் எங்கள் தெரு முழுக்க நான் அமெரிக்க யூனிவர்சிட்டியில் கணக்கு அதிகாரி!

அந்த செப்டம்பரில் ஒரு சாயங்காலம், வளாகத்துப் புல்வெளி ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைத் தட்டு பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. தூரத்தில் தாடிக்காரப் பையன் ஒருவன் கையை ஆட்டினான். திருப்பி எறியச் சொல்கிறான் என்று புரிந்தது. குனிந்து எடுத்தேன். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் கிடந்த வருஷங்களில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தவளை மாதிரி தத்த விடுவோமே, அதே மாதிரி இடுப்பைச் சாய்த்து, மணிக்கட்டை ஒரு சுண்டு.

தட்டு தரையோடு தரையாகப் போய், லேசாக எழும்பி, தாடிக்காரன் நெஞ்சுக்கு நேராக நின்றது. அவன் அசையக்கூட இல்லை. பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தான்.

அப்புறம்தான் தெரிந்தது, அதற்குப் பெயர் 'ஃபோர்ஹாண்ட்'. புதிதாக வருகிறவர்களுக்கு அது படிய மாதக்கணக்கில் ஆகுமாம். எல்லாருக்கும் முதலில் வருவது 'பேக்ஹாண்ட்'தான். புரோட்டா மாஸ்டர் மாவை வீசுகிற மாதிரி உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய் வீசுவது. எனக்கோ அது வரவே இல்லை; இது பிறவியிலேயே இருந்திருக்கிறது. "எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றான். கண்மாய்க்கு இங்கிலீஷில் என்ன? "குளத்தில்" என்றேன். நீச்சல் வீரன் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. மறுநாள் ஐந்து மணிக்கு வரச் சொன்னான். ஒரு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஓர் இடத்துக்கு ஒரு நேரத்துக்குப் போக வேண்டிய வேலை!

ஆட்டம் சுலபம்தான். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். முறையான மைதானம் என்றால் 110 கஜம் நீளம், 40 கஜம் அகலம். இரண்டு முனையிலும் இருபது இருபது கஜத்துக்கு எல்லைப் பகுதி. நாங்கள் நாலு மூலையில் நாலு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுவோம். எதிராளியின் எல்லைப் பகுதிக்குள் நம் ஆள் தட்டைப் பிடித்தால் ஒரு பாயின்ட். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றி நின்றபடி வேறொருவருக்கு எறிய வேண்டும். எதிரே ஒருத்தன் கையை விரித்துக்கொண்டு, கபடியில் மூச்சு விடாமல் பாடுகிற மாதிரி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நிற்பான். பத்து சொல்லி முடிப்பதற்குள் எறியாவிட்டால் தட்டு அவர்களுக்கு. கீழே விழுந்தாலும் அவர்களுக்கு. ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். ஒருவரை ஒருவர் இடிக்கக் கூடாது.

இதெல்லாம் சரி. எனக்குத் தலை சுற்றியது வேறு விஷயத்தில். அம்பயரே கிடையாது!

சும்மா சாயங்கால ஆட்டத்தில் மட்டும் இல்லை, சார். உலகப் போட்டியிலும் அப்படித்தானாம். ஃபவுல் பட்டவன் தானே 'ஃபவுல்' என்று சொல்ல வேண்டும். இடித்தவன் ஒப்புக்கொள்ளலாம், இல்லை மறுக்கலாம். மறுத்தால் தட்டு எறிந்தவனிடமே திரும்பிப் போகும், அந்தக் கட்டத்தை மறுபடி ஆட வேண்டும். தட்டு தரையைத் தொட்டதா, கையில் விழுந்ததா என்பதை யார் பக்கத்திலிருந்து நன்றாகப் பார்த்தாரோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அமெரிக்காவில் பெரிய கல்லூரிப் போட்டிகளில் 'அப்சர்வர்' என்று ஒருவர் நிற்பார். தகராறு முற்றி அவரிடம் போனால்தான் பெரும்பாலும் வாயைத் திறப்பார். நம்ம வீட்டு மாமனார் மாதிரி.

எங்கள் தெரு கிரிக்கெட்டில் அம்பயர் என்பவர் பேட்டிங் டீமின் கடைசி ஆட்டக்காரர். மட்டை யாருடையதோ அவன் அவுட்டே ஆக மாட்டான். போதாக்குறைக்கு எனக்கு ஆறு வருஷ ஆடிட் ஆபீஸ் அனுபவம். வவுச்சர் இல்லாமல், வெறும் வாய்ச்சொல்லை நம்பி வரவு வைப்பதா? முதல் வாரம் முழுக்க, எவன் எப்போது ஏமாற்றுவான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவனும் ஏமாற்றவில்லை. 'என் கை பட்டுவிட்டது, உங்க தட்டு' என்று சொல்லிவிட்டு அவனவன் திரும்பி ஓடினான். அதில் என்ன பெருமை என்றுகூட யாரும் நினைத்த மாதிரித் தெரியவில்லை.

இந்த ஆட்டத்தின் பூர்வீகத்தைத் தாடிக்காரன்தான் ஒரு நாள் சொன்னான். அப்புறம் நானே லைப்ரரியில் போய்ச் சரிபார்த்துக்கொண்டேன். (பழக்க தோஷம்!) கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் ஃபிரிஸ்பி என்று ஒரு பேக்கரி. அதன் 'பை' பலகாரம் வரும் தகரத் தட்டுகளை மாணவர்கள் தின்றுவிட்டு வீசி விளையாடுவார்களாம். பிற்பாடு பிளாஸ்டிக் தட்டு செய்து விற்ற வாம்-ஓ கம்பெனி 1957-ல் அதற்கு அந்தப் பெயரையே, எழுத்தைக் கொஞ்சம் மாற்றி, சூட்டிவிட்டது. அடுத்த வருஷமே பேக்கரியை மூடிவிட்டார்கள். பலகாரம் போய் பாத்திரம் நின்றது! தட்டைச் சீராகப் பறக்கும்படி திருத்தி அமைத்த எட் ஹெட்ரிக் என்பவர் 2002-ல் காலமானபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். நம்ம ஊரில் காசிக்குப் போகும். அங்கே காற்றில் போயிருக்கிறது.

அல்டிமேட் ஆட்டம் பிறந்தது 1968-ல். அதற்கும் எங்கள் ஆமர்ஸ்ட்டுக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் கோடையில், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி மாணவரான ஜாரெட் காஸ், கொஞ்ச தூரத்தில் உள்ள நார்த்ஃபீல்டு மவுண்ட் ஹெர்மன் பள்ளி முகாமில் பையன்களுக்குத் தட்டு வைத்து ஓர் ஆட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைக் கற்றுக்கொண்ட ஜோயல் சில்வர் என்ற பையன், நியூ ஜெர்ஸியில் மேப்பிள்வுட் ஊரிலிருந்த தன் கொலம்பியா ஹைஸ்கூலில் கொண்டுபோய் ஆரம்பித்து வைத்தான். இருட்டினால் பள்ளிக்கூட கார் நிறுத்துமிடத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்களாம். அந்தப் பையன் பின்னாளில் ஹாலிவுட்டில் 'டை ஹார்ட்', 'மேட்ரிக்ஸ்' எல்லாம் எடுத்த தயாரிப்பாளர். 1970-ல் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே நடந்த முதல் போட்டியில் கொலம்பியா ஹைஸ்கூல் 43-10 என்று ஜெயித்தது. 1972-ல் முதல் கல்லூரிப் போட்டியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதி, ரட்கர்ஸ் 29-27. அதே இரண்டு கல்லூரிகள் 1869-ல் மோதியதுதான் அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால். அதிலும் ரட்கர்ஸ் ஜெயித்தது இரண்டே பாயின்ட் வித்தியாசத்தில்தான். இந்த மாதிரி கணக்கெல்லாம் எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்தான் ஞாபகம் இருக்காது.

நவம்பரோடு பனி வந்து ஆட்டம் நின்றது. மறுபடி அணில்கள். பனியில் அதுவும் இல்லை. ஏப்ரலில் புல் தலைகாட்டியதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். அந்த மாதக் கடைசியில் ஒரு 'ஹாட்' போட்டி வைத்தார்கள். தொப்பியில் எல்லார் பெயரையும் எழுதிப் போட்டுக் குலுக்கி டீம் பிரிப்பார்கள். நேற்றுவரை நம் பக்கம் ஆடியவன் இன்று எதிரி. அரசியலில் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

எங்கள் டீம் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. பதினைந்து எடுத்தவர் வெற்றி. 14-14. அடுத்த பாயின்ட் யாருக்கோ அவர்களுக்கு மேட்ச். அதற்கு அங்கே 'யுனிவர்ஸ் பாயின்ட்' என்று பெயர். பிரபஞ்சமே அதில் தொங்குகிறதாம். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. ஓரத்தில் என் மனைவி, அவள் டிபார்ட்மென்ட் தோழிகள் இரண்டு பேருடன். "அதோ, மஞ்சள் பனியன், அதுதான் என் வீட்டுக்காரர்" என்று அவள் கை நீட்டிக் காட்டியதைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

தாடிக்காரன் தாழ்வாக ஒன்று விட்டான். எல்லைக்குள் ஓடினேன். என்னைக் காவல் காத்தவள் பிசிக்ஸ் படிக்கிற ஓர் ஒல்லிப் பெண், ஓரடி பின்னால். பாய்ந்தேன். தட்டின் விளிம்பு புல்லைத் தொட்டது. தொட்ட கணமே என் விரல் அடியில் போய்விட்டது. தொட்டபிறகுதான் விரல் போனது. அது எனக்குத் தெரியும். அந்த அதிர்வு விரலில் இருந்தது, சார்.

முகத்தில் மண்ணோடு நிமிர்ந்தேன். பதிமூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். "பிடித்தாயா, கீழேயா?" என்றாள் அந்தப் பெண். சந்தேகமாக இல்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரி.

"பிடிச்சேன்."

அவ்வளவுதான். ஒரு ஆள் முகம் சுளிக்கவில்லை. "அருமையான பிடி!" என்று அந்தப் பெண்ணே என் கையில் தட்டினாள். மனைவி ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்தால் இரண்டு டீமும் தோள்மேல் கை போட்டு வட்டமாக நிற்பது அங்கே வழக்கம். எதிர் டீமில் யார் நன்றாக, நாணயமாக ஆடினார் என்று சொல்லி ஒரு சின்னப் பரிசு கொடுப்பார்கள். அவர்கள் சார்பில் பரிசு எனக்கு. ஒரு புதுத் தட்டு. கொடுத்தவள் அந்தப் பெண்!

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தத் தட்டை டி.வி. பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். "ஏங்க, அமெரிக்காவுல உங்க முதல் சம்பாத்தியம்" என்று சிரித்தாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

அன்று ராத்திரியே அப்பா போன். "ஏய்யா, நம்ம மண்டிக்காரர் மகன் ஜூன்ல பாஸ்டன் வர்றானாம். உன் ஆபீஸ் அட்ரஸ் குடு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கேன்." பாஸ்டனிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரம்தான். "லைன் சரியில்லைப்பா" என்று வைத்துவிட்டேன். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது.

மூன்று நாள் தட்டு டி.வி. பக்கத்தில் இருந்தது. டி.வி.யைப் பார்த்தால் அது தெரியும். டி.வி.யைப் பார்க்காவிட்டாலும் தெரியும். நாலாம் நாள் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அந்தப் பெண் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அது கீழே பட்டது. எனக்குத் தெரியும். பொய் சொன்னேன்" என்றேன். இங்கிலீஷில் நான் இவ்வளவு சின்ன வாக்கியம் பேசியதே இல்லை.

அவள் யோசித்தாள். "அப்ப நாங்க ஜெயிச்சிருப்போமா?"

"இருக்கலாம்."

"ஓ."

தட்டை நீட்டினேன். நம்ம ஊர் வழக்கப்படி, 'பரவாயில்லை, நீங்களே வச்சுக்கோங்க. இதைச் சொன்னதே பெரிசு' என்று அவள் சொல்வாள், நான் இன்னொரு தடவை நீட்டுவேன், அவள் மறுபடி மறுப்பாள் என்று மனசுக்குள் காட்சி அமைத்து வைத்திருந்தேன். "தேங்க்ஸ்" என்று வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "ஆடலாமா?" என்றாள். அன்றைக்கு என்னைக் காவல் காத்ததும் அவள்தான். ஒரு தட்டு பிடிக்க விடவில்லை, ராட்சசி.

வீட்டில் "தட்டு எங்கே?" என்று கேட்ட மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாமாவுக்கு எப்ப போன் பண்ணப் போறீங்க?" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமலே அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ!

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

"அப்பா, எனக்கு இங்க வேலை எதுவும் இல்லைப்பா. பாக்கவும் கூடாது. விசா அப்படி."

அந்தப் பக்கம் மின்விசிறி கிறீச்சிடும் சத்தம்.

"தெரியும்யா."

"தெரியுமா?"

"எட்டு மாசமாப் பேசுறே. ஒரு நாளாச்சும் மேனேஜரைத் திட்டினியா? வேலை பாக்குற எவன்யா மேனேஜரைத் திட்டாம இருப்பான்? நான் முப்பத்தெட்டு வருசம் முதலாளியைத் திட்டினவன்."

"அப்புறம் ஏம்ப்பா தெருவெல்லாம்..."

"நீ சொன்னதைச் சொன்னேன். எம் பிள்ளை சொல்றதை நானே இல்லைங்க முடியுமா?"

எனக்குப் பேச வரவில்லை. அவரே தொடர்ந்தார்.

"பகல்ல என்னய்யா பண்றே?"

"சமைப்பேன். சாயங்காலம் தட்டு எறியப் போவேன்ப்பா."

"என்னது, தட்டா? ஓட்டல்லயா?"

"இல்லைப்பா, இது..." என்று நான் அல்டிமேட்டை விளக்க ஆரம்பித்தபோது நிஜமாகவே லைன் போய்விட்டது.

2018 ஜூனில் திரும்பி வந்தோம். கிளம்புவதற்கு முதல் நாள் என் காசில் ஒரு தட்டு வாங்கினேன். (என் காசு என்றால் மனைவியின் காசு.) விருதுநகர் வீட்டு மொட்டை மாடியில் அப்பா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார்.

"என்ன விலை?"

"பத்து டாலர் சொச்சம். எழுநூறு ரூபாய்னு வைங்க."

"எழுநூறு ரூவாய்க்கு நல்ல எவர்சில்வர்லயே நாலு தட்டு வாங்கலாமேய்யா!"

சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பைச் சாய்த்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். அச்சு அசல் ஃபோர்ஹாண்ட்! அறுபத்தெட்டு வயசில்! தட்டு தெருவைத் தாண்டி, வேப்ப மரத்தைத் தாண்டி, எதிர் வீட்டு அத்தையின் தகரக் கொட்டகை மேல் போய் 'டங்'கென்று உட்கார்ந்தது. ஏணி கேட்டுப் போனேன். அத்தை ஏணியைக் காட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏய்யா, அமெரிக்காவுல தட்டு கழுவினியாமே? சம்பளம் நல்லாக் குடுத்தானா?"